அந்நியர் ஞாயிற்றுக்கு ஐந்து மூட்டை

ஜெயபாண்டி பிறந்தது விருதுநகர் பெரியாஸ்பத்திரியில். வளர்ந்தது, பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டது, பெயிண்ட் வாளியைத் தூக்கியது, கல்யாணம் முடித்தது எல்லாம் இந்த ஜில்லாவுக்குள்ளேதான். மதுரையைத் தாண்டி அவன் போனதே மூன்று தடவையோ நாலு தடவையோ. ஆனாலும் வருஷா வருஷம் ஜூன் மாசம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவன் தூர தேசத்திலிருந்து வந்து சேர வேண்டும். அவன் வந்து சேராவிட்டால் கிருபாசனபுரம் கோயிலில் அன்றைக்கு ஆராதனை தொடங்காது.

அதென்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கிருபாசனபுரம் என்பது ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஒரு கோயில், அதாவது சர்ச்சு, அதைச் சுத்தி இருநூறு வீடு, நாலு அச்சாபீஸ், ஒரு பட்டாசுக் கம்பெனி. ஊருக்குக் கிழக்கே ரெண்டு மைலில் கண்மாய்க்கரை முகாம். தொண்ணூறாம் வருஷம் இலங்கையிலிருந்து படகேறி வந்த ஜனங்களைக் கொஞ்ச நாளைக்கு இருங்கள் என்று சொல்லி அங்கே கொண்டு வந்து விட்டார்கள். மறு வருஷம் ஜெயபாண்டி பிறந்தான். பிறந்த அன்றைக்கே அவனும் அகதி. அவன் மகள் பிரீத்தி இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளும் அகதிதான். கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் சபையார் கூடி, முகாம் ஜனங்களை நாம் வரவேற்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் வந்தே பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டதே என்று கூட்டத்தில் ஒருத்தர் கூடக் கேட்கவில்லை. அந்நியர் உபசரிப்புக் கமிட்டி என்று ஒன்று உண்டானது. தலைவர் அய்யாதுரை அண்ணாச்சி, டெய்லி காலண்டர் அச்சடிக்கிற கம்பெனி வைத்திருப்பவர். செயலாளர் ஞானப்பூ டீச்சர், ரிட்டயர்டு தலைமை ஆசிரியை. அண்ணாச்சி ரொம்ப நல்ல மனுஷன். அதுதான் பெரிய கஷ்டமே. கெட்டவராக இருந்தால் வைதுவிட்டு நம் சோலியைப் பார்க்கப் போய்விடலாம்.

ஜூனில் அந்நியர் ஞாயிறு என்று ஒரு விழா வைத்தார்கள். அது இப்படி நடக்கும். சனிக்கிழமை ஜெயபாண்டி ஏணி போட்டு ஏறி, கோயில் வாசல் வளைவில் 'அந்நியரே வருக' என்ற எழுத்துக்கு நீலம் அடிப்பான். வெயிலில் வருஷா வருஷம் மங்கிப்போகிற எழுத்து அது. ஞாயிற்றுக்கிழமை அதே வளைவுக்கு வெளியே, செருப்பில்லாமல், முகாம் ஆட்கள் நாலு பேரோடு நிற்பான். பைக்கில் வரக்கூடாது என்று கமிட்டி கண்டிப்பு. பைக்கை அச்சாபீஸ் பின்னால் மறைத்து வைத்துவிட்டு நடந்து வர வேண்டும். ஆளுக்கு ஒரு மூட்டையும் வேண்டும். முதல் வருஷம் மூட்டை கொண்டு வாருங்கள் என்றதும் முகாமில் திருதிருவென்று முழித்தார்கள். பீரோவும் கட்டிலுமாகக் குடியிருக்கிற ஜனம் மூட்டைக்கு எங்கே போகும்? அண்ணாச்சியே கோயிலின் பழைய திரைச்சீலையைக் கிழித்து ஐந்து மூட்டை தைக்கச் சொல்லி, உள்ளே தன் அச்சாபீஸில் வெட்டி விழுந்த காகிதத்தை அடைத்துக் கொடுத்தார். விழா முடிந்ததும் அந்த ஐந்தும் பீடத்துக்குப் பக்கத்து அறைக்குள் போய்விடும். வெஸ்ட்ரி என்பார்கள். அடுத்த ஜூன் வரைக்கும் பூட்டுதான்.

வளைவுக்கு உள்ளே அண்ணாச்சி மைக்கோடு நின்று, யார் நீங்கள் என்று கேட்பார். அந்நியர் என்று இவர்கள் ஐந்து பேரும் சொல்ல வேண்டும். எங்கிருந்து வருகிறீர்கள்? தூர தேசத்திலிருந்து. மூட்டையில் என்ன கொண்டு வந்தீர்கள்? எங்கள் பாரங்களை. உடனே அண்ணாச்சி குரல் தழுதழுக்க, "இறக்கி வையுங்கள், இது உங்கள் வீடு" என்பார். அத்தனையும் அவரே எழுதின வசனம். சபையார் கைதட்ட, மூட்டையைப் பீடத்துக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டு இவர்கள் கடைசி வரிசையில் 'அந்நியர்' என்று எழுதின பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த எழுத்தும் ஜெயபாண்டி எழுதினதுதான்.

இதற்கு நடுவில் பட்டாசு உண்டு. சிவகாசிப் பக்கம் யாரை வரவேற்றாலும் வெடி போட்டுத்தான் வரவேற்பார்கள். மாப்பிள்ளைக்கு உண்டு, மந்திரிக்கு உண்டு, குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கும் உண்டு. முதல் வருஷம் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தியதும் முகாமிலிருந்து வந்திருந்த வயசான பொம்பளைகள் நாலு பேர் காதைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்துவிட்டார்கள். ஞானப்பூ டீச்சர் கூட்டக் குறிப்பேட்டில், அந்நியர் நன்றிப் பெருக்கால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தனர் என்று எழுதி வைத்தார். விழுந்த நாலு பேரில் ஜெயபாண்டியின் அம்மா பொன்னுத்தங்கமும் ஒருத்தி. மற்ற எல்லா ஞாயிறும் கோயிலுக்கு வருவாள். அந்நியர் ஞாயிறு மட்டும் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தீபாவளிக்கே கட்டிலுக்கு அடியில் போய் உட்காருகிற ஆள் அவள்.

அந்தப் பொன்னுத்தங்கத்துக்குப் போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். டாக்டர் ஜெயபாண்டியைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு மாசம், மிஞ்சினால் ஏழு என்றார். அவன் அம்மாவிடம் அல்சர் என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏய்யா, என்னய மட்டும் கண்மாய்க்கரையில போட்றாத. கோயில் தோட்டத்துல அந்தப் புங்கமரத்தடியில ஒரு எடம் கேளு. வேற எதுவும் எனக்கு வேணாம்."

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்றால், முகாமில் செத்தவர்களைக் கண்மாய்க்கரையில்தான் புதைப்பார்கள். ஜெயபாண்டியின் அப்பாவையும் அங்கேதான் புதைத்தார்கள். நாலு வருஷம் கழித்துக் கண்மாயைத் தூர் வாரினபோது ஜேசிபி வந்து, வண்டல் மண்ணோடு அவரையும் அள்ளி டிராக்டரில் கொட்டிக்கொண்டு போய்விட்டது. விசாரித்ததில், அந்த லோடு ஒரு கல்யாண மண்டபத்து அஸ்திவாரத்துக்குப் போனது என்றார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் அந்த மண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம் பொன்னுத்தங்கம் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

புங்கமரத்தடிக்கும் ஒரு காரணம் உண்டு. அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுத்த கல் நிற்கிறது. வேதமுத்து பெண்சாதி மரியாள், 1919 என்று வெட்டியிருக்கும். கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போன ஜெயபாண்டி ஒரு வருஷம் அதை வாசித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னான். அவளுடைய தாத்தா ஈசாக்கு, கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர், தன் ஆத்தா மரியாளையும், கோயிலையும், அந்தப் புங்கமரத்தையும் சொல்லிச் சொல்லியே செத்துப்போனாராம். அந்த மரியாளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தத் தோட்டத்துக்கு வெள்ளையடிக்கிறவன், அவனுக்குத் தெரியாதா?

தை மாசம் கமிட்டி கூடினபோது ஜெயபாண்டி போய்க் கேட்டான். கல்லறைத் தோட்டம் சபை ரிஜிஸ்தரில் பேர் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். சரி, பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றான். ஞானப்பூ டீச்சர் சுவரில் தொங்கின சார்ட்டைக் குச்சியால் தொட்டுக் காண்பித்தார். மொத்தம் ஏழு படி. கண்டறிதல், வரவேற்றல், உபசரித்தல், அரவணைத்தல், அறிவுறுத்தல், ஆயத்தப்படுத்தல், கடைசியாகச் சேர்த்தல். பதினைந்து வருஷமாக முகாம் ரெண்டாவது படியில் நிற்கிறதாம். முகாமில் உள்ள எல்லாரையும் வரவேற்று முடித்தால்தான் மூன்றாவதுக்குப் போக முடியும். ஆனால் இவர்கள் வரவேற்று முடிப்பதற்குள் அங்கே ஒரு பிள்ளை பிறந்துவிடுகிறது. போன மாசம் கூட ஒன்று பிறந்திருக்கிறதே, அதை இன்னும் வரவேற்கவில்லையே என்று டீச்சர் விசனப்பட்டார். அதில் ஜெயபாண்டிக்கும் பங்கு இருப்பது போல அவனைப் பார்த்தார்.

அண்ணாச்சி அவனைத் தோளில் கை போட்டு வெளியே அழைத்து வந்தார்.

"ஏலே, நீ கேக்குறது எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாரு. உங்கம்மா பேரை ஏத்திட்டா அவுக அந்நியர் இல்லைன்னு ஆயிரும். இன்னைக்கு அவுக, நாளைக்கு நீ, அப்புறம் முகாமே வந்து நிக்கும். எல்லாரும் உள்ள வந்துட்டா நாங்க யாரைப்பா வரவேற்கிறது? பதினஞ்சு வருஷமா பாத்துப் பாத்து வளத்த ஊழியம். எங்கெங்க இருந்தோ வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாக. உங்க மேல உள்ள பிரியத்துலதாம்லே உங்களை வெளிய வச்சிருக்கோம்."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. ஜெயபாண்டிக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. தேவையில்லாமல் ஒரு நல்ல மனுஷனை அழ வைத்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே பைக்கை எடுத்தான்.

வீட்டில் அவன் பெண்சாதி வேல்விழி விடவில்லை. கல்லில் பேர் இருக்கிறதென்றால் ஏட்டிலும் இருக்குமே, போய்ப் பாருங்கள் என்றாள். அவன் சபைப் போதகரிடம் போனான். இந்தப் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயருக்கு இரக்கம் உண்டு, கையெழுத்துப் போடத்தான் பயம். பழைய ஞானஸ்நான ரிஜிஸ்தரை இறக்கி, ரெண்டு பேருமாகத் தூசி தட்டிப் புரட்டினார்கள். இருந்தது. ஈசாக்கு, தகப்பன் வேதமுத்து, தாய் மரியாள், 1902. ஜெயபாண்டி அந்த வரியில் விரலை வைத்து ரெண்டாம் தரம் வாசித்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊர், இதே கோயில், தன் பூட்டன். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தான்.

ஐயர் மட்டும் கடைசிக் கட்டத்தை வாசித்துவிட்டு உச்சுக் கொட்டினார். அந்தக் காலத்து உபதேசியார் யாரோ சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தார்: '1923ல் கண்டிச் சீமை போய்விட்டான். மாற்றுக் கடிதம் வாங்கவில்லை.'

மாற்றுக் கடிதம் என்பது, ஒரு சபையை விட்டு இன்னொரு ஊருக்குக் குடி போகிறவர்கள் இன்னார் எங்கள் சபையார் என்று ஐயரிடம் எழுதி வாங்கிப் போகிற கடிதம். அது இல்லாமல் போனால் போன ஊரிலும் சேர்க்க மாட்டார்கள், திரும்பி வந்தாலும் சேர்க்க மாட்டார்கள். ஈசாக்கைக் கங்காணி ஒருத்தன் பஞ்ச காலத்தில் விடியற்காலை வண்டியேற்றிக் கொண்டு போனான். பசியில் போகிறவன் கடிதம் கேட்டுக்கொண்டா நிற்பான்?

ஆனால் கமிட்டி இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞானப்பூ டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம் என்றார். சம்பந்தப்பட்டவர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பரிசீலிக்கலாம். சம்பந்தப்பட்டவர் செத்து அறுபது வருஷம் ஆச்சே என்றான் ஜெயபாண்டி. அப்படியானால் வாரிசு கொடுக்கலாம், ஆனால் கடிதம் அவர் எழுதின மாதிரியே இருக்க வேண்டும் என்றார்கள். ஜெயபாண்டி அங்கேயே உட்கார்ந்து, ஈசாக்காகிய நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கு மனம் வருந்துகிறேன், இனிமேல் அப்படிப் போக மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். டீச்சர் அதில் ரெண்டு எழுத்துப் பிழை திருத்தினார்.

அதோடு விட்டார்களா? ஈசாக்கு குடும்பம் அறுபது எழுபது வருஷமாக இலங்கையில் எந்தச் சபையில் இருந்ததோ அங்கிருந்து ஒரு மாற்றுக் கடிதம் வேண்டும் என்றார்கள். ஐயர் மின்னஞ்சல் அனுப்பினார். மாசியில் போன கடிதத்துக்குச் சித்திரையில் பதில் வந்தது. அந்த ஊர்ப் போதகர் பாவம், பொறுப்பாகத் தேடிப் பார்த்திருக்கிறார். ஈசாக்கும் அவர் பிள்ளைகளும் எங்கள் ஆலயத்துக்குத் தவறாமல் வந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் கிருபாசனபுரத்திலிருந்து மாற்றுக் கடிதம் கொண்டு வராததால் அவர்களை நாங்கள் கடைசி வரை சேர்க்கவில்லை, சேர்க்காதவர்களுக்கு மாற்றுக் கடிதம் கொடுக்க இயலாது என்று எழுதியிருந்தார். கீழே வாழ்த்துகள் என்றும் போட்டிருந்தார்.

கமிட்டியில் அந்தப் பதிலை வாசித்ததும், அங்கேயும் எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறார்கள் பார்த்தீர்களா என்று டீச்சர் மெச்சினார். அண்ணாச்சி இன்னொரு சிக்கலையும் கண்டுபிடித்தார். ஈசாக்கு உள்ளூர்க்காரர் என்றால் அவர் பேத்தி பொன்னுத்தங்கம் அந்நியர் என்று சொல்ல முடியாது. அந்நியர் இல்லையென்றால் அந்நியர் உபசரிப்புக் கமிட்டி அவள் மனுவை எடுக்க முடியாது. இந்த இக்கட்டைத் தீர்க்க ஒரு உபகமிட்டி போட்டார்கள். வீட்டில் பொன்னுத்தங்கம் அதற்குள் கஞ்சி கூட இறங்காமல் சுருண்டு கிடந்தாள்.

வைகாசியில் ஐயர் தானாகவே ஜெயபாண்டியைத் தேடி வந்தார். அந்த ஜூனில் ஊழியத்துக்குப் பதினைந்து வருஷ நிறைவு விழா, பேராயரே வருகிறார். பேராயர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் ரிஜிஸ்தராவது உபகமிட்டியாவது, எல்லாம் ஓடிப்போகும். நான் சமயம் பார்த்து அவர் காதில் போடுகிறேன், ஆனால் உங்கம்மா வர வேண்டும், மூத்த அந்நியர் என்று முன்னால் உட்கார வேண்டும் என்றார். ஜெயபாண்டி அண்ணாச்சியிடம் போய், வெடி மட்டும் வேண்டாம் அண்ணாச்சி, அம்மா தாங்க மாட்டாள் என்று கையைப் பிடித்துக் கேட்டான். வெடி கிடையாதுலே, நான் சொல்லுதேன்ல என்றார் அவர்.

அம்மாவை ஆட்டோவில் கொண்டு வந்து, ரோட்டு முக்கிலேயே இறக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேராகத் தூக்கி வந்து வளைவுக்கு வெளியே வைத்தார்கள். மடியில் ஒரு மூட்டையை வைத்தார்கள். அவள் அதை அமுக்கிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள என்னய்யா இருக்கு?"

"காகிதம்மா."

"நாம வந்தப்ப இது கூட இல்லையேய்யா" என்றாள்.

யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இறக்கி வையுங்கள் என்று அண்ணாச்சி சொன்ன வாய் மூடவில்லை, வளைவுக்கு ரெண்டு பக்கமும் வெடிக்கத் தொடங்கிவிட்டது. உள்ளூர்ப் பட்டாசுக் கம்பெனிக்காரர் பேராயருக்கு மரியாதையாகக் கொடுத்த ஸ்பெஷல் ஆர்டராம். பிற்பாடு கேட்டபோது அண்ணாச்சி, வெடி கிடையாதுன்னுதான சொன்னேன், இது பசுமைப் பட்டாசுலே, புகையே வராது என்றார். புகை வராதது நிஜந்தான். பொன்னுத்தங்கம் நாற்காலியிலிருந்து சரிந்து, அதற்கு அடியில் புகுந்து, காகித மூட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். மூன்று நிமிஷம் வெடித்தது. ஜெயபாண்டி அவள் மேல் கவிழ்ந்து கிடந்தான். ஆட்களைக் கொஞ்சம் விலகச் சொல்லிவிட்டுப் போட்டோகிராபர் குனிந்து நாலைந்து படம் எடுத்தார்.

பேராயர் உருகிப்போனார். இந்தத் தாயின் தாழ்மையில் நான் திருச்சபையின் முகத்தையே கண்டேன் என்று முக்கால் மணி நேரம் பேசினார். இறங்கி வந்தபோது ஐயர் அவர் காதில் என்னவோ சொன்னார். பேராயர் தலையை ஆட்டிக்கொண்டே வந்து பொன்னுத்தங்கத்தின் தலையில் கை வைத்து, "அம்மா, கவலைப்படாதீங்க. பரலோகத்துல உங்களுக்கு ஒரு இடம் ரெடியா இருக்கு" என்றார்.

ஜெயபாண்டிக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "அதுக்கு முன்னால இங்கன ஒரு எடம் வேணும்யா" என்றான்.

பேராயர் சிரித்து, அவன் கன்னத்தைத் தட்டினார். அதெல்லாம் உங்க கமிட்டி பார்த்துக்கொள்ளும், அருமையான கமிட்டி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பொன்னுத்தங்கம் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. கட்டிலில் படுக்க வைத்தால் இறங்கி அடியில் போய்விடுவாள். வேல்விழியும் அங்கேயே பாயை விரித்துக் கூடவே படுத்துக்கொண்டாள். புதன்கிழமை மத்தியானம் உயிர் போய்விட்டது. மகன் கையை அவள் பிடித்திருந்த பிடியைப் பிரிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். குறை சொல்லக்கூடாது, ஒரு மணி நேரத்தில் கூடிவிட்டார்கள். இரங்கல் தீர்மானம் எழுந்து நின்று நிறைவேற்றினார்கள். இடம் விஷயமாக உபகமிட்டி அறிக்கை வராததால் இப்போதைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று ரெண்டாவது தீர்மானம். அண்ணாச்சி முகாமுக்கு வந்து, ஜெயபாண்டியைக் கட்டிப்பிடித்து நிஜமாகவே அழுதார். எங்கள் அன்பு அந்நியருக்கு என்று ரிப்பனில் அச்சடித்த மலர் வளையம் வைத்தார். தன் அச்சாபீஸில் ஓடிக்கொண்டிருந்த லோடை நிறுத்திவிட்டு அடித்ததாம். ஐயர் ஜெபம் பண்ண, அப்பா இருந்து இல்லாமல்போன குழிக்குப் பக்கத்தில் கண்மாய்க்கரையிலேயே அவளைப் புதைத்தார்கள். ஜெயபாண்டி குழிக்குள் பார்க்கவில்லை, கண்மாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வருஷத்துக்கு அச்சடித்த காலண்டரில் அவள் படம் வந்தது. நாற்காலிக்கு அடியில், மூட்டையைத் தலையில் பிடித்தபடி. 'உபசரிப்பில் ஒரு தாயின் பரவசம்' என்று கீழே போட்டிருந்தார்கள். ஆமத்தூர் டீக்கடையில் கூட மாட்டியிருந்தது. ஜெயபாண்டி டீ குடிக்க வேறு கடைக்குப் போக ஆரம்பித்தான்.

கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்கப் போனபோது புங்கமரத்தடியில், மரியாளுக்குப் பக்கத்தில், அந்தக் காலி இடத்தைச் சுற்றிச் சிமெண்டுக் கட்டு கட்டியிருந்தார்கள். உபகமிட்டி அறிக்கை கொடுத்துவிட்டதாம். அதன்படி அங்கே 'அந்நியர் நினைவிடம்' அமைகிறது. எழுத்து எழுத அவனைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே யாரும் இல்லையே, அம்மாவை எடுத்து வந்து இதில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அண்ணாச்சி பதறிப்போய்விட்டார். ஒருத்தரை வைத்தால் மற்ற அந்நியர்கள் மனசு என்ன பாடுபடும், இது எல்லாருக்கும் பொது இடம், அதனால் யாரையும் வைக்கக்கூடாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஜெயபாண்டி தூரிகையை முக்கி எழுதினான். எழுத்து வழக்கம்போல நேராக வந்தது.

இந்த வருஷம் சித்திரைக் கடைசியில் கண்மாய்க்கு மறுபடியும் ஜேசிபி வந்தது. தகவல் கேட்டு ஜெயபாண்டி ஏணியிலிருந்து குதித்து ஓடினான். வண்டி ஓட்டினவன் தாயில்பட்டிக்காரன், நல்ல பையன். அண்ணே, லோடு காத்திருக்கு, அரை மணி நேரம் தாரேன், அதுக்குள்ள எடுத்துக்கோங்க என்று இன்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்ற வைத்தான். ஜெயபாண்டியும் வேல்விழியும் கையாலேயே தோண்டினார்கள். அப்பாவை விட்ட மாதிரி அம்மாவை விட்டுவிட முடியாதல்லவா. கிடைத்ததையெல்லாம் அம்மாவின் சேலை ஒன்றிலேயே கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அவள் எப்போதும் போய் உட்காருகிற கட்டிலுக்கு அடியிலேயே வைத்தார்கள். நாலைந்து வாரம் அங்கேதான் இருந்தது. இந்தத் தடவை அவன் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் ஒரு சார்ட்டைக் காட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்து போயிற்று.

ஜூனில் விழாவுக்கு முந்தின சனிக்கிழமை வளைவுக்கு நீலம் அடிக்கப் போனான். கோயில்குட்டி மாசிலாமணி, அதாவது மணியடித்துப் பூட்டித் திறக்கிறவர், வெஸ்ட்ரியிலிருந்து மூட்டைகளை வெளியே எடுத்து வெயிலில் வைத்திருந்தார். ஒன்று தையல் பிரிந்திருக்கிறது அண்ணே, வேல்விழியிடம் கொடுத்துத் தைத்து வருகிறேன் என்று ஜெயபாண்டி ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் எட்டரைக்கு வளைவுக்கு வெளியே நின்றான். செருப்பில்லை. மூட்டையை ரெண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

யார் நீங்கள் என்றார் அண்ணாச்சி. அந்நியர். எங்கிருந்து வருகிறீர்கள்? தூர தேசத்திலிருந்து. மூட்டையில் என்ன கொண்டு வந்தீர்கள்? மற்ற நாலு பேரும் எங்கள் பாரங்களை என்றார்கள்.

ஜெயபாண்டி, "எங்க அம்மாவைக் கொண்டு வந்திருக்கேன்" என்றான்.

மைக்கில் அது நன்றாகக் கேட்டது. வேல்விழி பிரீத்தியைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். முன் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு ஒருத்தர் கைதட்ட, அடுத்தவர் தட்ட, சபை மொத்தமும் எழுந்து நின்று தட்டியது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறக்கி வையுங்கள், இது உங்கள் வீடு என்றார். வெளியே வாலா வெடித்தது. ஜெயபாண்டி நடந்துபோய், மூட்டையைப் பீடத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, அந்நியர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.

ஆராதனை முடிந்து அண்ணாச்சி அவனைத் தேடிக்கொண்டு வந்தார்.

"ஏலே, அந்த வசனம் நீயா யோசிச்சியா? நான் எழுதினதை விட நல்லா இருக்குலே. எல்லார் நெஞ்சையும் தொட்டுட்ட. அடுத்த வருஷம் அஞ்சு பேரும் இதையே சொல்லட்டும், என்ன?"

சரி அண்ணாச்சி என்றான் ஜெயபாண்டி.

மாசிலாமணி மூட்டைகளை ஒவ்வொன்றாக வெஸ்ட்ரிக்குத் தூக்கினார். ஒண்ணு மட்டும் என்னப்பா இம்புட்டுக் கனக்குது என்றார். மெதுவா வைங்க அண்ணே என்று சொல்லி ஜெயபாண்டி வாசலிலேயே தயங்கி நின்றான். அட, உள்ள வந்து நீயே வையேன், நீ என்ன வெளியாளா என்றார் மாசிலாமணி. அவன் உள்ளே போய், ஈரம் ஏறாத மேல் தட்டில், பழைய ரிஜிஸ்தர்களுக்குப் பக்கத்தில் அதை வைத்தான். மாசிலாமணி கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தார். இனி ஒரு வருஷத்துக்கு அந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள். அடுத்த ஜூன் மூன்றாவது சனிக்கிழமை திறந்து, ஐந்து மூட்டையையும் வளைவுக்கு வெளியே கொண்டு போய் வைப்பார்கள். மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பொன்னுத்தங்கமும் தூர தேசத்திலிருந்து வந்து சேர வேண்டும்.